பதுளைத் தூண் சாசனம்

பதுளை நகரின் பொது நூலக வளவிலே, நான்கு பட்டையாகச் செதுக்கப்பட்ட கற்றூண் ஒன்று நிற்கின்றது. அதன் நான்கு முகங்களிலும் மேலிருந்து கீழாக வரிவரியாய் எழுத்துக்கள் வெட்டப்பட்டுள்ளன. காலையில் நாளிதழ் பார்க்க வரும் முதியோரும், பரீட்சைக்குப் படிக்க வரும் மாணவரும், சம்பள நாளிலே தோட்டத்திலிருந்து இறங்கிச் சாமான் வாங்க வந்து அப்படியே பிள்ளைகளை நூலகத்துக்கு அழைத்து வருவோரும் அந்தத் தூணைக் கடந்து போகின்றனர். அலுமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கும் நூல்கள் எல்லாவற்றிலும் அந்தக் கல் வயதில் மூத்தது. ஆயிரத்து எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஒரு வழக்கின் தீர்ப்பு அதிலே எழுதப்பட்டிருக்கின்றது. முறையிட்டவர் வணிகரும் குடிகளும். முறையீட்டுக்கு ஆளானவர் ஓர் அங்காடியின் அதிகாரிகள். தீர்ப்புக் கூறியவன் அரசன்.

நூதனசாலை என்றதும் பெரிய கட்டிடமும் கண்ணாடிப் பேழைகளும் சீருடை அணிந்த காவலரும் மனக்கண்ணில் தோன்றுவது இயல்பே. கொழும்பு நூதனசாலை அத்தகையது. தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரியின் முயற்சியால் உருவான அது 1877ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் திகதி திறந்து வைக்கப்பட்டது. ஆனால் ஊர்ப்புறங்களில் தொல்பொருட் சேகரங்கள் அவ்வாறு தோன்றுவதில்லை. காட்டிலே கிடக்கும் ஒரு பொருளை யாரோ ஒருவர் காண்கின்றார். அது அங்கே கிடந்து அழியலாகாது என்று எண்ணுகின்றார். கச்சேரி முற்றத்துக்கோ கோயில் வாசலுக்கோ அதனைக் கொண்டுவந்து நிறுத்தச் செய்கின்றார். தொடக்கம் அவ்வளவே. கட்டிடமும் காவலரும் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். பதுளையைப் பொறுத்தவரை அந்தத் தொடக்கம் இந்தத் தூண். கொழும்பு நூதனசாலையின் கதவுகள் திறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே இது கண்டறியப்பட்டுவிட்டது.

கண்டறிந்தவர் ஜோன் பெய்லி என்னும் ஆங்கிலேயர். 1857ஆம் ஆண்டில் அவர் பதுளையின் உதவி அரசாங்க அதிபர். ஊவா அப்போது தனி மாகாணமாக இருக்கவில்லை. பதுளை மத்திய மாகாணத்தோடு சேர்ந்திருந்தது. ஊவா மாகாணம் வகுக்கப்பட்டது 1886ஆம் ஆண்டிலேயாகும். மலைச்சரிவுகளில் அந்நாளில் வளர்ந்தது தேயிலை அன்று, கோப்பி. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காட்டுப் பாதைகளில் நாட்கணக்கில் நடந்து மலைநாட்டுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது.

பெய்லி சாசனம் தேடிப் புறப்பட்டவர் அல்லர். அவர் தேடியது நீர். சேர் ஹென்றி வார்ட் தேசாதிபதியாயிருந்தபோது, 1856ஆம் ஆண்டில் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பழைய குளங்களைத் திருத்தி, வயல்களை மீண்டும் விளைவிக்க வேண்டும் என்ற எண்ணம் அரசாங்கத்தாரிடையே வேரூன்றத் தொடங்கியிருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. 1817ஆம், 1818ஆம் ஆண்டுகளில் ஊவா வெல்லச மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தபோது, அக்கிளர்ச்சியை அடக்க வந்த படைகள் நெல்வயல்களையும் வீடுகளையும் கால்நடைகளையும் அழித்துச் சென்றன. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த நாடு நிமிரவில்லை. அழித்த ஆட்சியின் உத்தியோகத்தர் ஒருவரே பின்னர் குளம் திருத்தப் புறப்பட்டார் என்பது சரித்திரத்தில் அடிக்கடி காணும் முரண்களுள் ஒன்று.

பதுளையிலிருந்து வடக்கே மலையிறங்கிச் சென்றால், ஏறத்தாழ நாற்பது மைலில் மகாவலி கங்கைச் சமவெளியும் மகியங்கனையும் எதிர்ப்படும். அதன் அண்மையிலே இருப்பது சொரபொரக் குளம். இரு குன்றுகளுக்கிடையே அணை கட்டி நீரைத் தேக்கியதோடு நில்லாமல், நீர் வெளியேறும் மதகை அணைக்கட்டில் வைக்காது, ஒதுக்குப்புறமாக இயற்கைப் பாறையையே குடைந்து அமைத்திருக்கின்றனர் பண்டைய சிற்பியர். நீரின் வேகம் மண்ணணையைத் தாக்கி உடைக்காதிருக்கப் பாறையே வாயிலாயிற்று. பெய்லி இதனைக் கண்டு வியந்து எழுதினார். சேர் எமர்சன் டெனன்ற் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை பற்றிய பெரு நூலிலும் அக்குளத்தின் சிறப்பு இடம்பெற்றது. குளத்தருகே காட்டினுள்ளே அவர் கண்டதுதான் இந்தத் தூண். குளத்தை அவரால் படிக்க முடிந்தது. தூணைப் படிக்க முடியவில்லை. பின்னர் அது பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது.

தூண் நகருக்கு வந்தது. எழுத்து வாய் திறக்கவில்லை. பழஞ் சிங்கள எழுத்தை வாசிக்க வல்லார் அக்காலத்தில் மிகச் சிலர். அரசாங்கம் இத்துறைக்கென்று ஆள் வைத்ததே 1875ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு நியமனம் பெற்றவர் பவுல் கோல்ட்ஸ்மிட் என்னும் ஜெர்மானியர். ஊர் ஊராகச் சென்று கல்வெட்டுக்களைப் படியெடுத்த அந்த இளைஞர் இரண்டே ஆண்டில், 1877இல், காய்ச்சலுக்கு இரையானார். அவருக்குப் பின் வந்த எட்வர்ட் முல்லரும் ஜெர்மானியரே. அவர் தொகுத்த இலங்கைக் கல்வெட்டு நூல் 1883இல் வெளியாயிற்று. 1890ஆம் ஆண்டில் எச்.சி.பி. பெல் தலைமையில் தொல்பொருள் ஆய்வு முறையாகத் தொடங்கிற்று. எனினும் அநுராதபுரம், சீகிரியா, பொலநறுவை ஆகிய பெருநகரங்களின் அகழ்வே பெல்லின் காலத்தை உண்டது. மலைநாட்டு நகரொன்றில் தனியே நிற்கும் தூணுக்கு எவர் நேரம் ஒதுக்குவார்?

தூணின் முழு வாசகத்தையும் பெயர்ப்போடும் விளக்கத்தோடும் உலகுக்கு அளித்தவர் செனரத் பரணவிதான. 1928 முதல் 1933 வரையில் பகுதி பகுதியாக வெளியான 'எபிகிராபியா செய்லானிக்கா'வின் மூன்றாந் தொகுதியில் அது இடம்பெற்றது. கண்டறிந்த நாளிலிருந்து கணக்கிட்டால் எழுபது ஆண்டுகள் சென்றபின்னரே கல் பேசிற்று.

கல்லைப் பேச வைக்கும் வேலை எத்தகையது என்பதைச் சிறிது சொல்லுதல் தகும். முதலிலே பாசியும் அழுக்கும் போகக் கல்லைக் கழுவ வேண்டும். ஈரப்படுத்திய தடித்த காகிதத்தை எழுத்தின்மீது பரப்பி, கெட்டியான மயிர்த்தூரிகையால் அடித்து, வெட்டுக் குழிகளுக்குள் காகிதம் பதியும்படி செய்ய வேண்டும். அதன்பின் மை தோய்த்த பொதியால் மெல்ல ஒற்றினால் மேற்பரப்பு கறுக்கும். எழுத்து வெண்மையாய் நிற்கும். இதுவே மைப்படி. அறிஞர் தம் மேசையில் வைத்து ஆராய்வது இந்தப் படியைத்தான். ஆயினும் ஐயம் வந்த இடத்தில் மீண்டும் கல்லிடமே செல்ல வேண்டும். பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்து, குழி எது, காலத்தின் கீறல் எது என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இருநூறு வரிகளுக்கு மேற்பட்ட இத்தூணில் ஒவ்வொரு வரியும் மிகக் குறுகியது. ஒரு சொல்லே இரண்டு வரிகளில் முறிந்து கிடக்கும். இவ்வாறு படித்ததன் பயன் ஒரு முழு அங்காடியே கண்முன் எழுந்தது.

அந்த அங்காடியின் பெயர் ஹோபிட்டிகம. சிறீ சங்கபோ உதா என்று சாசனம் கூறும் அரசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், அவன் மகியங்கனை மகாவிகாரைக்கு வந்திருந்தபோது, ஹோபிட்டிகமவின் வணிகரும் குடிகளும் அவன்முன் சென்று முறையிட்டனர். முன்னிருந்த மன்னன் காலத்தில் இந்த அங்காடிக்கென ஒழுங்குவிதிகள் வகுக்கப்பட்டிருந்தன. அங்காடி உடையவரின் ஆட்கள் அவற்றை மீறி, முறையல்லாத ஆயங்களை அறவிடுகின்றனர் என்பதே அவர்களின் குறை. அரசன் கேட்டான். விதிகள் மீண்டும் வகுக்கப்பட்டன. இம்முறை கல்லிலே வெட்டப்பட்டன. வாயால் சொன்ன சட்டத்தை வாயாலேயே மாற்றிவிடுவார்கள் என்று அந்த மக்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர் போலும்.

விதிகளைக் கேட்போர்க்கு அவை நேற்று எழுதியவை என்றே தோன்றும். விற்பனைக்கென அங்காடிக்குக் கொண்டுவந்த பண்டத்துக்கே சுங்கம் உண்டு. அவ்வழியாகக் கடந்து செல்லும் பண்டத்துக்குச் சுங்கம் கேட்கலாகாது. பண்டத்தைக் காட்டாது மறைத்து விற்றால் இருமடங்கு வாங்கலாம். அங்கீகாரம் பெறாத அளவைகளால் அளக்கலாகாது. வெற்றிலையும் பாக்கும் அவற்றுக்கென அமைந்த கொட்டகைகளிலன்றிப் பிற இடங்களில் விற்றலாகாது. நான்கு போயா தினங்களிலும் வியாபாரம் நடத்தலாகாது. நடத்தினால் அதன்மேல் அறவிடுவது மகியங்கனை விகாரையின் விளக்கெண்ணெய்க்குப் போய்ச் சேரும்.

இவற்றுள் முதலாம் விதி ஒன்றே போதும், சட்டம் வகுத்தோரின் கூர்மையை அறிய. விற்பதற்கும் கடந்து செல்வதற்கும் வேறுபாடு காணாத அதிகாரி, வழிப்போக்கனையும் வணிகனாக்கிப் பணம் பறிப்பான். அளவை பற்றிய விதியோ ஊவாத் தோட்டங்களில் வாழ்வோருக்கு விளக்க வேண்டாதது. நாள் முழுதும் பறித்த கொழுந்தை மாலையில் தராசில் வைக்கும்போது, கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் எத்தனை கழிப்பார்கள் என்று தராசு முள்ளையே பார்த்து நிற்கும் பெண்களுக்கு, ஹோபிட்டிகமவின் குடிகள் எதற்காக அரசனிடம் போனார்கள் என்பது நன்றாகப் புரியும். போயா விதியின் ஆயுளும் நீண்டது. 1966ஆம் ஆண்டு தொடங்கி 1971ஆம் ஆண்டு வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாக நான்கு போயா தினங்களே வார விடுமுறையாக இருந்ததை அக்காலத்துப் பிள்ளைகள் மறந்திரார்.

சட்டத்தைக் காப்பதற்கு அக்காலத்தார் கையாண்ட வழி ஒன்றும் சுவையானது. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் இலங்கையில் நாட்டப்பட்ட இத்தகைய தூண்கள் பலவற்றில், வாசகம் முடியும் இடத்தில் காகத்தின் உருவமும் நாயின் உருவமும் கீறப்பட்டிருக்கும். விதியை மீறுவோர் காகமாகவும் நாயாகவும் பிறப்பார்கள் என்பது பொருள். எழுத்தறியாதவனும் அந்தப் படத்தைப் படித்துக்கொள்வான். உரிமைகளையும் விலக்குகளையும் கூறும் தூண்களைச் சிங்களத்தில் 'அத்தாணிக் கணு' என்பர். அரசன் கொலுவிருக்கும் இடத்தைத் தமிழர் அத்தாணி மண்டபம் என்று வழங்குவதை அறிந்தோர் அச்சொல்லின் ஒலியிலே ஓர் உறவைக் கேட்பர்.

தமிழ் நேயரின் செவியை நிறுத்தும் சொல் ஒன்று தூணிலேயே உண்டு. முறையிட்ட வணிகர் குழுவைச் சாசனம் 'வணிக்கிராமம்' என்று சுட்டுகின்றது. தென்னிந்தியக் கல்வெட்டுக்களிலும் செப்பேடுகளிலும் மணிக்கிராமம் என்று வரும் வணிகச் சபையின் பெயரே இது என்பது அறிஞர் கருத்து. கொல்லத்தில் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றுக்கு 849ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடுகளில் அஞ்சுவண்ணத்தோடு மணிக்கிராமமும் குறிக்கப்படுகின்றது. கடல் கடந்து, இன்றைய தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள தக்குவாபா என்னும் இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் விடுவதைக் கூறுகின்றது. புதுக்கோட்டைப் பக்கத்துக் கொடும்பாளூரிலும் மணிக்கிராமத்தார் இருந்தனர். கொல்லத்துக்கும் தக்குவாபாவுக்கும் இடைப்பட்ட கடற்பாதையில் இலங்கை இருக்கின்றது. அவ்விலங்கையின் துறைமுகத்திலன்றி, உள்நாட்டுக் காட்டோரத்து அங்காடி ஒன்றில் அப்பெயர் தோன்றுகின்றது.

இதைக் கொண்டு, ஹோபிட்டிகமவில் கடை வைத்திருந்தோர் எல்லாரும் தமிழர் என்று துணிந்துவிடுதல் தவறு. பெயரோ வடமொழிச் சொல். சாசனமோ சிங்களத்தில் எழுதப்பட்டது. முறையிட்டோருள் குடிகளும் அடங்குவர். பெயரைக் கண்டு உரிமை கொண்டாடுவோரும் பெயரை மறைத்து உரிமை மறுப்போரும் ஒரே பிழையையே செய்கின்றனர். தூண் கூறுவது இவ்வளவுதான்: வெளியுலகத்து வணிக முறைமையோடு தொடர்புடைய ஒரு குழுவும் அவ்வூர்க் குடிகளும் ஒன்றாகச் சென்று ஒரே குறையைச் சொன்னார்கள், அரசன் ஒரே விதியை இருசாராருக்கும் வகுத்தான்.

அந்த அரசன் யார் என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. இலங்கை அரசர் சிறீ சங்கபோ என்றும் அபா சலமேவன் என்றும் இரு பட்டப்பெயர்களை மாறி மாறிச் சூடினராதலால், சாசனத்தில் வரும் பெயரை மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது எளிதன்று. இவன் மூன்றாம் உதயன் என்று ஒரு கணக்கிலும், நான்காம் உதயன் என்று பிற்கணக்கிலும் எண்ணப்படுகின்றான். ஆட்சிக்காலம் 946 முதல் 954 வரை என்று கொள்வர். சோழன் முதலாம் பராந்தகனுக்குத் தோற்ற பாண்டியன் இராசசிம்மன் இலங்கையிலே அடைக்கலமாக வைத்துச் சென்ற மணிமுடியைத் தர மறுத்தவன் இவ்வுதயனே. சோழப்படை வந்தது, இவன் முடியோடு உரோகண நாட்டுக்குள் ஓடி ஒளிந்தான், படையினர் அந்நாட்டினுட் புக இயலாது திரும்பினர். அம்முடி சோழர் கைக்குச் சேர்ந்தது முதலாம் இராசேந்திரன் காலத்திலேதான். உதயனைச் சூளவம்சம் குடிகாரன் என்றும் சோம்பேறி என்றும் வருணிக்கின்றது. மகாவலியின் கீழ்க்கரையில் நின்ற தூணோ, வணிகரும் குடிகளும் சொன்ன முறையைக் கேட்டு, வெற்றிலைக் கொட்டகை வரையில் ஒழுங்கு செய்த ஒருவனைக் காட்டுகின்றது. ஏட்டை எழுதியவர்கள் துறவிகள். அவர்களுக்கு அவன்மேல் எக்காரணத்தாலோ மனக்கசப்பு. அங்காடிக் குடிகளுக்கு அவன் வேறு மனிதன். கல் கிடைத்திராவிட்டால் குடிகாரன் மட்டுமே எஞ்சியிருப்பான்.

ஆதலின் அதனைக் காட்டிலிருந்து எடுத்தது நல்லதே என்று சொல்லத் தோன்றும். மழையும் வேரும் யானையும் காட்டுத்தீயும் கல்லுக்குப் பகை. அதற்கு மறுபக்கமும் உண்டு. சட்டத்தூண் என்பது நாட்டிய இடத்திலேதான் சட்டம். இடம் பெயர்ந்தால் எழுத்து மட்டுமே. ஹோபிட்டிகம என்ற பெயரில் இன்று அங்காடி இல்லை. தூண் நின்ற இடத்தைச் சுற்றி மண்ணுக்குள் கடைகளின் அடித்தளமோ அளவைக் கற்களோ இருந்தனவா என்று தோண்டிப் பார்க்கும் வழக்கம் 1857இல் இருக்கவில்லை. பொருளை எடுத்து வருவதே அந்தக் காலத்துத் தொல்பொருளாராய்ச்சி. பெய்லியைக் குறை கூறுவதில் பயனில்லை. அவர் கொழும்புக்கு அனுப்பியிருந்தால், பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான கற்களிடையே அது ஓர் எண்ணாக நின்றிருக்கும். பதுளையிலே நின்றதால் அது ஊரின் பெயரைப் பெற்றது. சொரபொரவில் கிடைத்த கல்லை உலகத்து அறிஞர் பதுளைத் தூண் என்றே அழைக்கின்றனர்.

மகியங்கனையிலிருந்து இடம் பெயர்ந்தது இத்தூண் மட்டுமன்று. 1950களின் தொடக்கத்தில், பரணவிதான தொல்பொருள் ஆணையாளராயிருந்தபோது, மகியங்கனைத் தாதுகோபத்தின் தாது அறை திறக்கப்பட்டது. அதன் சுவர்களிலே பதினோராம் நூற்றாண்டு ஓவியங்கள் காணப்பட்டன. சுண்ணச் சாந்தோடு அவை பெயர்த்தெடுக்கப்பட்டு, அநுராதபுரத்தில் பழைய கச்சேரிக் கட்டிடத்தில் 1947இல் அமைந்த தொல்பொருள் நூதனசாலையைச் சேர்ந்தன. அக்காலத்து முறையும் அதுவே: ஓவியத்துக்குக் கூரையும் காவலும் வேண்டும்; அவை மகியங்கனையில் இல்லை, பதுளையிலும் இல்லை. விகாரையின் ஓவியத்தைக் காண ஒருவர் வடக்கே அநுராதபுரம் செல்ல வேண்டும். அதே விகாரையில் அரசன் கேட்ட வழக்கைக் காணத் தெற்கே மலையேறிப் பதுளைக்கு வர வேண்டும்.

1924ஆம் ஆண்டில் பதுளைக்குப் புகையிரதம் வந்தது. கொழும்பிலிருந்து வரும் பாதை அங்கே முடிவடைகின்றது. நிலையத்தில் இறங்கி நகருக்குள் நடக்கும் எவரும் கட்டணமின்றித் தூணைப் பார்க்கலாம். 1940 முதல் 1956 வரை தொல்பொருள் ஆணையாளராயிருந்து ஓய்வு பெற்ற பரணவிதான 1972ஆம் ஆண்டில் காலமானார். தூண் நிற்கும் நூலகத்துக்கு அவர் பெயரே இடப்பட்டிருக்கின்றது.